பொது வடிவத்தில் ஒரு மனைவி

கார் செய்ய வேண்டுமென்றால் முதலில் கார் செய்யும் கூடத்தைக் கட்ட வேண்டும். கூடத்தைக் கட்ட வேண்டுமென்றால் அதைக் கணினிக்குள் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட வேண்டும். இதுவரைக்கும் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது. கணினிக்குள் இடித்தால் புழுதி கிளம்பாது. சிக்கல் எங்கே வந்ததென்றால், அந்தத் தொழிற்சாலையில் கட்டடம் வரைகிறவர்களிடம் ஒரு மென்பொருள், கார்களை நகர்த்தும் கன்வேயர் போடுகிறவர்களிடம் வேறொன்று, எந்த ஆள் எங்கே நிற்பது என்று வரைகிறவர்களிடம் இன்னொன்று என்று ஆளுக்கொரு மென்பொருள் இருந்தது. ஒன்று பேசினால் மற்றதற்குப் புரியாது. ஒருவர் அனுப்பிய தூண் அடுத்தவரிடம் போய்ச் சேரும்போது குழாயாகியிருக்கும். பெயின்ட் அடிக்கும் கூடத்தை வாசலே இல்லாமல் கட்டி முடித்ததும் இந்த லட்சணத்தில்தான். கட்டடக்காரர்கள் வாசலைத்தான் அனுப்பினார்கள். அது சுவராகப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே பொது வடிவக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. இனி எல்லா மென்பொருளும் ஒரே வடிவத்தில் எழுதும், ஒரே வடிவத்தில் படிக்கும், தூண் தூணாகவே போய்ச் சேரும். நல்ல நோக்கம்தான், யார் இல்லையென்றார்கள்? நல்ல நோக்கத்தைக் கையில் கொடுத்தால் மனிதர்கள் அதை வைத்து என்னென்ன செய்வார்கள் என்பதுதான் விஷயம்.

நம் வரைபடக்காரருக்கு அந்தக் குழுவின்மேல் தொடக்கத்தில் எந்த மனத்தாங்கலும் இல்லை. காரின் பாகங்களைப் பொருத்தும் புதிய கூடத்தில் எந்த ஆள் எங்கே நிற்க வேண்டும் என்று வரைவது அவர் வேலை. சாது. மீட்டிங்கில் பிஸ்கட் தட்டு தன் பக்கம் வந்தால்கூட, எடுக்கலாமா என்று பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிற ஆள். அவர் மனைவிக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை, பழைய கூடத்தில். தலைக்கு மேலே ஹேங்கர் என்கிற பெரிய கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும் காரின் அடிவயிற்றில் பிரேக் குழாய்களைக் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். ஹேங்கரின் உயரமோ நெட்டை ஆட்களுக்கு வைத்தது. அவள் குள்ளம். மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, அதற்கும் எட்டாமல் கையை முழுக்கத் தூக்கித் தூக்கி, வலது தோள் போயே போய்விட்டது. சொந்தத் தலையை வாரக் கை எழும்பாது. காலையில் அவர்தான் வாரிப் பின்னிவிடுவார்.

"ஏங்க, இது பின்னலா, கேபிளா?"

"ஆடாம நில்லு."

"நான் எங்க ஆடுறேன்? நீங்கதான் கோணலாப் போறீங்க. ஃபேக்டரி முழுக்கக் கோடு போடுற மனுஷன், பொண்டாட்டிக்கு ஒரு வகிடு நேரா எடுக்கத் தெரியல."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் மருத்துவர் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே தூக்கினால் அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பவே எழும்பாது, அப்புறம் இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். புதிய கூடத்திலோ மரப்பெட்டிக்கு அனுமதி கிடையாது. கணினியில் இல்லாத பொருள் கூடத்தில் இருக்கக் கூடாதாம்.

வரைபடக்காரர் ஒரு வழி கண்டார். புதிய கூடத்தில் ஹேங்கர் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை கன்வேயர் மென்பொருள் கணக்குப் போடும். அதற்கு அங்கே நிற்கும் ஆளின் உயரம் தெரிந்தால் போதும். அந்த உயரத்தைக் கொடுப்பது இவருடைய வேலை. அந்த வரிசையில் நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குள்ளமான பெண்கள். ஒவ்வொருவருடைய உயரத்தையும் உள்ளபடியே போட்டார். கள்ளத்தனம் ஒன்றுமில்லை, உள்ளதை உள்ளபடி எழுதினார், அவ்வளவுதான்.

"புதுக் கூடம் வரட்டும் பாரு. ஹேங்கர் உன் மூக்குக்கு நேரா இறங்கி வரும். கைய மடக்கிட்டே வேலை செய்யலாம்" என்றார் மனைவியிடம்.

"அட போங்க, அந்த ஃபேக்டரியில எனக்காக ஒரு ஃபேனக்கூட இறக்கினது கிடையாது" என்றாள். ஆனால் மறுநாள் தன் வரிசைப் பெண்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

ஃபைல் பொது வடிவத்தில் போனது, பொது வடிவத்தில் திரும்பி வந்தது. திறந்து பார்த்த வரைபடக்காரர் பேய் முழி முழித்தார். மனைவி நின்ற இடத்தில் ஓர் ஆண் நின்றான். நெட்டை, அகன்ற தோள், வழுக்கைத் தலை, முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை. பக்கத்து இடத்திலும் அவனே. அதற்கடுத்ததிலும் அவனே. கூடம் முழுக்க அவனே நின்றான். கேன்டீனில் தட்டோடு அவன், முதலுதவி அறையில் நர்ஸும் அவன், கட்டிலில் நோயாளியும் அவன். பெண்கள் கழிப்பறை வாசலிலும் அவனே வரிசையில் நின்றான். ஒவ்வொருவனுக்கும் ஏற்ற மாதிரி ஹேங்கர்களெல்லாம் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

விசாரித்ததில், பொது வடிவத்தில் ஆளின் உயரத்துக்கு இடமே வைக்கவில்லை என்று தெரிந்தது. இடம் இல்லாததால் உயரம் வழியிலேயே உதிர்ந்துவிடும். படிக்கும் மென்பொருள் தன் கையிருப்பில் உள்ள 'மாதிரி மனிதன்' ஒருவனை எடுத்து நிறுத்திக்கொள்ளும்.

கன்வேயர்காரர் இவருக்குப் பக்கத்து மேஜை. பல வருடப் பழக்கம். வரைபடக்காரர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, அந்த வரிசையில ஹேங்கரக் கொஞ்சம் இறக்கி வச்சிருங்க. எல்லாம் குள்ளமான பொண்ணுங்க."

கன்வேயர்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, வாயால சொல்றதக் கேக்கக் கூடாதுன்னு சர்க்குலர் வந்திருக்கு. உனக்கும் எனக்கும் நடுவுல எதுவா இருந்தாலும் பொது வடிவத்துலதான் வரணும்."

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன்!"

"அதான் சொல்றேன். பக்கத்துல இருந்துட்டு எதுக்குப் பேசிக்கிட்டு? ஃபைல் அனுப்பு."

"ஃபைல்ல உயரம் வராதே அண்ணே."

"வரலன்னா நீ சொல்லவே இல்லன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுக் கன்வேயர்காரர் திரும்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது. நல்ல மனுஷன்தான் பாவம்.

மேலாளரிடம் போனார். மேலாளருக்குப் புகார் என்றாலே ஆகாது. அவர் அறைச் சுவரில் 'தடையற்ற பரிமாற்றம்' என்று பெரிய எழுத்தில் தொங்கும்.

"ஃபைல் போச்சா?" என்றார்.

"போச்சு சார்."

"திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சு சார். ஆனா அனுப்பினது வேற, வந்தது வேற."

"வந்துச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

"வந்துச்சு சார்."

"அப்ப என்னய்யா உங்க பிரச்சன? கூரியர்ல பார்சல் போட்டா, போய்ச் சேந்துச்சான்னு கேப்பீங்களா, உள்ள இருக்கிறது என்னாச்சுன்னு கேட்டுட்டு இருப்பீங்களா?" என்று கேட்ட மேலாளர், இவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, அவ்வளவு ஆசையாக இருந்தால் குழுவிலேயே முறையிடும்படி சொல்லி அனுப்பினார்.

குழு கூடும் அறையில் நீள்வட்ட மேஜை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேஜையைச் சுற்றி மென்பொருள் கம்பெனிப் பிரதிநிதிகள் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவர் வெள்ளைத் தலை, தங்க ஃப்ரேம் கண்ணாடி. கார்த் தொழிற்சாலைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நடுநிலைமை கெட்டுப்போகுமாம்.

"ஒரு ஆளோட உயரத்தச் சேக்கணுங்கிறீங்க" என்றார் தலைவர். "எளிமையான கோரிக்கைதான். அதனாலதான் பயமா இருக்கு. உயரம்னா எங்கருந்து எங்க?"

"கால்லருந்து தலைவரைக்கும் சார்."

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. காலில் செருப்பு உண்டா என்று ஒரு பிரதிநிதி கேட்டார். செருப்பு ஆளைச் சேர்ந்ததா, தரையைச் சேர்ந்ததா என்று இன்னொருவர் கேட்டார். தலைமுடி பற்றி அன்று பேச நேரமில்லாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் சோதனை நடந்தது. வரைபடக்காரரின் கூடத்தைத் திரையில் போட்டால், ஆட்களெல்லாம் தரையில் மல்லாந்து கிடந்தார்கள். ஒரு மென்பொருளுக்கு மேல் என்பது மற்றொரு மென்பொருளுக்குப் பக்கவாட்டாம்.

"எல்லாரும் படுத்துக் கிடக்கிறாங்களே சார்" என்றார் வரைபடக்காரர்.

அந்த மென்பொருளின் பிரதிநிதிக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க ஆளுங்க நேராத்தான் நிக்கிறாங்க. உங்க தொழிற்சாலைதான் சாஞ்சிருக்கு."

இதற்காக ஒரு துணைக்குழு போட்டார்கள். எது மேல் என்று அவர்கள் முடிவு செய்கிறவரை ஆட்கள் படுத்தே இருக்கலாம் என்று இடைக்காலத் தீர்மானம் நிறைவேறியது.

வீட்டில் இதெல்லாம் தினசரி வேடிக்கையாகிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்து, தோளில் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு மனைவி கேட்பாள், "இன்னைக்கு என்ன ஆனேன்?"

"படுத்திருக்க."

"அப்பாடா, ஃபேக்டரியில ஒரு நாளாவது படுத்தேனே."

இன்னொரு நாள் கேட்டபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். உயரத்தை எண்ணால் அனுப்பலாம் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எண் மட்டும் போனது, சென்டிமீட்டர் என்ற சொல் வழியில் உதிர்ந்துவிட்டது. கட்டட மென்பொருள் அதை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அவள் தலை போவதற்குக் கூரையில் ஓட்டை போட்டு, உச்சியில் விமானங்களுக்குத் தெரிவதற்காகச் சிவப்பு விளக்கும் வைத்துவிட்டது. குழுத் தலைவர் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "கேள்வியே கேக்காம ஏத்துக்கிச்சு பாருங்க, அதுதான் நம்பிக்கை! ரெண்டு மென்பொருளுக்கு நடுவுல நாம எதிர்பார்த்தது இததானே!" என்றாராம்.

மனைவி வலியையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கிவிட்டு, "அம்மா" என்று கத்திவிட்டாள். அதற்குப் பிறகு அன்று யாரும் சிரிக்கவில்லை.

அதன் பின் வந்தது இணக்கத் தேர்வு. ஒவ்வொரு ஃபைலும் பொது வடிவத்துக்கு இணங்கி நடக்கிறதா என்று மதிப்பெண் போடுவார்கள். வரைபடக்காரரின் ஃபைல் படுதோல்வி அடைந்தது. நிஜக் கூடத்தில் இருக்க வேண்டியதையெல்லாம் அவர் அதில் வைத்திருந்தார், அதனால் பிழைகளும் அத்தனை. கன்வேயர்காரர்கள் பாதி தேறினார்கள். முழு மதிப்பெண் வாங்கியது ஒரே ஒரு ஃபைல். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. யாரோ தவறுதலாக வெற்று ஃபைலை அனுப்பிவிட்டார்கள்.

தவறுதான் என்று சொல்லத் தலைவர் தயாராக இல்லை. மேடையேறி, அந்த வெற்று ஃபைலுக்குக் கேடயம் கொடுத்தார்.

"இந்தக் கூடத்த எந்த மென்பொருள்ல வேணாலும் திறங்க, ஒரே மாதிரிதான் தெரியும்" என்றார் மைக்கில். "எதுவும் உதிரல, எதுவும் மாறல. இத்தன வருஷமா நாம தேடினது இததான். நம்ம தரவுல குறை எங்கருந்து வருதுன்னு எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது. பொருளுங்ககிட்டருந்தும் ஆளுங்ககிட்டருந்தும் வருது."

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. வரைபடக்காரரும் தட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார், அதனால் தட்டினார்.

ஆனாலும் அவர் விடவில்லை. அந்தச் சாது மனிதருக்குள் அத்தனை பிடிவாதம் எங்கே இருந்ததோ! ஒரு கூட்டம் விடாமல் போனார். கெஞ்சினார், குழுத் தலைவரின் பையைத் தூக்கிக்கொண்டு கார்வரைக்கும் நடந்தார். செருப்பைச் சேர்க்காத உயரம், முடியைச் சேர்க்காத உயரம், நிற்கும்போது மட்டும் உள்ள உயரம் என்று அவர்கள் கேட்டபடியெல்லாம் விளக்கம் கொடுத்தார். கடைசியில் ஒரு நாள், அலுப்பினாலோ இரக்கத்தினாலோ, குழு ஒத்துக்கொண்டது. பொது வடிவத்தின் புதிய பதிப்பில் ஆளின் உயரத்துக்கு இடம் கொடுக்கப்பட்டது. சென்டிமீட்டரும் கூடவே போனது.

வரைபடக்காரர் தன் வரிசை ஆட்களின் உயரத்தையெல்லாம் போட்டு அனுப்பினார். திரும்பி வந்த ஃபைலில் மனைவி மனைவியாகவே இருந்தாள். மாதிரி மனிதன் இல்லை, படுத்துக் கிடக்கவில்லை, கூரையைத் துளைக்கவில்லை. அவள் உயரத்துக்கு ஒரு சின்ன உருவம் அந்த இடத்தில் நேராக நின்றது. வரைபடக்காரர் பொது இடம் என்றும் பாராமல் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

ஆனால் ஹேங்கர் அப்படியே உச்சியில் இருந்தது.

"அண்ணே, இப்பத்தான் உயரம் வருதே, ஏன் இறங்கல?" என்று கன்வேயர்காரரிடம் கேட்டார்.

"வருது தம்பி, நான் இல்லங்கல. அனுப்புறதுதான் இந்தப் பதிப்புல கட்டாயம். படிக்கிறது அடுத்த பதிப்புலதான். அதுவுமில்லாம எங்க அளவயெல்லாம் இனிமே மாத்தக் கூடாதுன்னு உறைய வச்சுட்டாங்க. ஹேங்கர் ஏற்கெனவே லாரியில ஏறியாச்சு."

குழுத் தலைவரிடம் ஓடினார். தலைவர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். "அவசரப்படாதீங்க. ஒரு தரவு பிறந்திருக்கு. யாராவது ஒருத்தர் படிப்பாங்க. படிக்காம எங்க போவாங்க?"

அவர் சொன்னது பலித்தது. புதிய கூடத்தின் திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம், ஒரு மென்பொருள் அந்த உயரத்தைப் படித்தது. கட்டடம் படிக்கவில்லை, கன்வேயர் படிக்கவில்லை, ரோபோவும் படிக்கவில்லை. படித்தது பணியாளர் பிரிவின் மென்பொருள். அது ஹேங்கரின் உயரத்தை ஒரு பக்கம் வைத்தது, ஆட்களின் உயரத்தை ஒரு பக்கம் வைத்தது, எட்டாதவர்களை எல்லாம் தனியே எடுத்துப் 'பொருந்தாதவர்' என்று சிவப்பில் காட்டியது. இத்தனை மென்பொருளில் ஒன்றாவது படித்ததே என்று குழுவில் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள்.

திறப்பு விழாவில் தலைவர் தொழிற்சாலைக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தார். "இத்தன நாளா இங்க யாரு பொருந்துறாங்க, யாரு பொருந்தலன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று பேசினார். "கண்ணால பாத்துட்டு இருந்தீங்க. யாருக்காவது எட்டலன்னா ஒரு பெட்டியப் போட்டு ஏத்திவிட்டீங்க. அதெல்லாம் இருட்டுக் காலம். இன்னைக்குத் தரவு சொல்லுது. இதக் கேட்டு வாங்கினவர் உங்கள்ள ஒருத்தர். எழுந்திருங்க சார், எல்லாரும் பாக்கட்டும்."

வரைபடக்காரர் எழுந்தார். கைதட்டினார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். முன்வரிசையில் மேலாளர் பெருமையோடு தலையாட்டினார். வரைபடக்காரர் கண்ணால் மனைவியைத் தேடினார். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் நிறைய நாற்காலிகள் காலியாக இருந்தன.

விழா முடியும்வரை காத்திருக்காமல் வெளியே வந்தார். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் வரிசைப் பெண்கள் இன்னும் சிலர் தள்ளி நின்றார்கள். இவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"பொருந்தலயாம்" என்றாள். "வேற இடம் காலியானா கூப்பிடுவாங்களாம். எந்த இடம்னு கேட்டேன். எல்லா இடமும் அந்த மொட்டத்தலையனுக்குத்தான் அளவு போட்டிருக்கு, இப்போதைக்கு ஒண்ணுமில்லன்னாரு பணியாளர் பிரிவு அதிகாரி."

அவர் பூங்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்தன வருஷமா என் உயரம் யாருக்குமே தெரியாதாம். இப்ப உங்க வீட்டுக்காரர் போராடிச் சேத்ததாலதான் தெரிஞ்சுதுன்னாரு. நெசமாவா?"

"உன் நல்லதுக்குத்தான்மா செஞ்சேன்" என்றார்.

"அந்த அதிகாரியும் அதத்தாங்க சொன்னாரு. இனிமே கையத் தூக்க வேண்டாம்மா, உங்க நல்லதுக்குத்தான்னு."

அவள் குத்திக்காட்டவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவென்றும் பாராமல் அழுதார்.

அப்போது போன் அடித்தது. குழுத் தலைவர். உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருப்பது போனில் கேட்டது.

"எங்க போயிட்டீங்க? நல்ல செய்தி. உங்கள நிரந்தர உறுப்பினராப் போட்டாச்சு. அடுத்த பதிப்புல ஆளுங்களோட உடம்பு வலியவும் சேக்கப் போறோம். யாருக்குத் தோள் வலி, யாருக்கு முட்டி வலின்னு எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சுரும். இந்த விஷயத்துல உங்கள விட்டா எங்களுக்கு ஆள் கிடையாது. திங்கக்கிழம வந்துருவீங்கல்ல?"

அவர் மனைவியைப் பார்த்தார். பஸ் வருகிறதா என்று அவள் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இனி ஒரே சம்பளம்.

"வந்துர்றேன் சார்" என்றார்.